பேட்டன்ட் ப்ரொவிஷனலில் முக்கிய பாகத்தையே விட்டுவிட்டது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், பேட்டன்ட் பதிவுப் பிரிவு, பெங்களூரு

ஐயா,

தன் வலையைத் தானே சுரண்டிச் சுத்தம் செய்துகொள்ளும் சொட்டுநீர் ஃபில்டருக்கு பேட்டன்ட் எடுக்க உங்களிடம் பணம் கட்டிய பீன்யா பட்டறைக்காரன் நான். போனுக்கும் கோரமங்களா ஆபீசுக்குமாக அலைந்து ஓய்ந்த பிறகே இதை எழுதுகிறேன்.

நீங்கள் தாக்கல் செய்த ப்ரொவிஷனல், அதாவது கண்டுபிடிப்பின் முதற்கட்ட விவரம், எங்கள் விளம்பர நோட்டீஸை அப்படியே எடுத்துப் போட்டது. "அதிகத் திறன், குறைந்த பராமரிப்பு" எல்லாம் இருக்கிறது. வலையைச் சுரண்டும் ஸ்பிரிங் பிளேடு பற்றி ஒரு வரி இல்லை, படமும் இல்லை. நாங்கள் கொடுத்த வரைபடத்தில் அதற்கு 4 என்று எண் போட்டு அம்புக்குறியே இருந்தது. ப்ரொவிஷனலில் இல்லாததை, பின்னால் போடும் முழு விவரமான கம்ப்ளீட்டில் க்ளைம் செய்தால், அதாவது உரிமை கோரினால், அதற்குக் கம்ப்ளீட் தாக்கலாகும் தேதிதான் முன்னுரிமைத் தேதியாகக் கிடைக்கும். பேட்டன்ட் சட்டத்தின் பிரிவு 11 உங்களுக்குத் தெரியாததா?

அது போதாதென்று உங்கள் ஏஜென்ட், "நம்பர் வந்துடுச்சுல்ல சார், தாராளமா கண்காட்சியில வைங்க" என்றார். வைத்தோம். கண்காட்சியில் காட்டிய பிறகும் 12 மாதத்துக்குள் மனு போடலாம் என்ற பிரிவு 31-இன் சலுகை அரசு கெஜட்டில் அறிவித்த கண்காட்சிக்கு மட்டும்தான். இது அப்படிப்பட்டதில்லை. பிளேடு சுற்றுவதை வந்தவரெல்லாம் வீடியோ எடுத்துப் போனார்கள். இனி அந்த வீடியோதான் எங்களுக்கு எதிரான சாட்சி. வாழ்நாள் உழைப்பே தெருவுக்கு வந்துவிட்டது.

இதைக் கேட்கப் போனால் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் "நீங்க லேத்தைப் பாருங்க, சட்டத்தை நாங்க பாத்துக்குறோம்" என்கிறார் அதே ஏஜென்ட். சட்டத்தைப் பார்த்த லட்சணம் இதுதானா? காசு கொடுத்தவனிடம் பேசும் பேச்சா அது?

கம்ப்ளீட் வரைவையும் பார்த்தேன். முதல் க்ளைமிலேயே "6 மி.மீ. கம்பி ஸ்பிரிங், மூன்று பிளேடு". 5 மி.மீ. கம்பியும் இரண்டு பிளேடும் போட்டு எவனும் செய்து விற்றுவிடுவான். முதல் க்ளைமில் வேலை செய்யும் அமைப்பு மட்டும் வர வேண்டும். அளவெல்லாம் அதைச் சார்ந்த க்ளைம்களுக்குப் போக வேண்டும்.

கட்டணத்திலும் கோளாறு. சிறுதொழில் பதிவுக்கான உத்யம் சான்றிதழ் கொடுத்தும், சிறு நிறுவனக் கட்டணச் சலுகைக்கான படிவம் 28 இணைக்கவில்லை. ஆன்லைனில் 1,600 ரூபாயில் முடிய வேண்டிய தாக்கலுக்கு 8,000 போயிருக்கிறது. "உலக பேட்டன்ட்" பேக்கேஜுக்கு வாங்கிய பணத்தையும் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். அப்படி ஒரு பேட்டன்ட் உலகத்திலேயே கிடையாது. பி.சி.டி. என்ற சர்வதேச பேட்டன்ட் ஒப்பந்தம் வழியாகப் போனாலும் கடைசியில் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும்.

ப்ரொவிஷனல் போட்ட நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கம்ப்ளீட் போகாவிட்டால் மனு கைவிடப்பட்டதாகிவிடும். கண்காட்சியில் யார் கண்ணிலும் படாமல் மூடி வைத்திருந்த ஃபிளஷ் வால்வையாவது இப்போதே க்ளைமில் சேர்த்துக் காப்பாற்றியாக வேண்டும். படிவம் 1-இல் தொடர்பு மின்னஞ்சலாக உங்களுடையதைப் போட்டிருப்பதால் சென்னை பேட்டன்ட் அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் எதுவும் எங்கள் கண்ணில் படுவதில்லை. ஆகவே வரைவின் வேர்ட் கோப்பு, தாக்கல் ரசீதுகள், எங்கள் மனுவைக் கையாண்ட பதிவுபெற்ற ஏஜென்ட்டின் பெயர், பதிவு எண், வேறு ஏஜென்ட்டுக்கு மாற்ற ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் எல்லாம் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும்.

வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்து, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போவேன். அந்த ஏஜென்ட்டைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி பிரிவு 130-இன் கீழ் பேட்டன்ட் கன்ட்ரோலருக்கும் எழுதுவேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், பீன்யா