பிஎச்டி மூணாவது வருஷத்துல இருக்கற பாப்பாவுக்கு

பாப்பா,

போன்ல பேசுனா நீ "ம்ம், சரிப்பா, பாக்கறேன்பா"ன்னு வச்சிடற, அதான் டைப் பண்றேன், நிதானமா படி. உன் கைடு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி போட்ட மெயிலுக்கு நீ இன்னும் பதில் போடலன்னு அம்மாகிட்ட சொல்லிருக்க. ரிசல்ட் சரியா வரல, வந்ததும் மொத்தமா காட்டிக்கலாம்னு நெனைக்கற, அதானே? இன்னிக்கே பதில் போட்டுடு. இந்த லெட்டர்ல மீதிய அப்புறம் படிச்சா கூட பரவால்ல.

நான் ரிட்டையர் ஆகற வரைக்கும் யுனிவர்சிட்டில பிஎச்டி ஃபைல் பாக்கற ரிசர்ச் செக்ஷன்ல இருந்தவன். உன் உப்பங்கழி மண்ணு, அதுல இருக்கற உலோகம் எதுவும் எனக்கு புரியாது, ஆனா ஃபைலு புரியும். பாதியில விட்டுட்டு போனவங்கள்ல மக்குன்னு சொல்ற மாதிரி யாரும் இல்லடா, கோல்டு மெடல் வாங்கிட்டு வந்தவங்களே இருந்தாங்க. எல்லார் கதையும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும், ஒரு வேலை சொதப்பும், கைடு மூஞ்சிய பாக்க கூச்சமா இருக்கும், ஒரு மீட்டிங்குக்கு போகமாட்டாங்க, போகாததுனாலயே அடுத்ததுக்கு போக இன்னும் கூச்சம், அப்புறம் கைடு வண்டி நிக்குதான்னு பாத்துட்டு டிபார்ட்மென்ட்டுக்குள்ள நுழையற நிலைமைக்கு வந்துடுவாங்க. செக்ஷன் பக்கம் வர்றதும் நின்னுடும். நாங்க லெட்டர் போடுவோம், அது திரும்பி வரும். முடிச்சவங்க யாருன்னா, "சார் என் பேப்பர் எங்க நிக்குது"ன்னு வந்து வந்து உயிர எடுத்தவங்க. அப்ப எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா அவங்க ஃபைலுதான் நகரும்.

மெயில்ல பெருசா ஒன்னும் எழுத வேணாம், மன்னிப்பு கதையும் வேணாம். இது முடிஞ்சுது, இது வரல, வராததுக்கு நான் இப்படி நெனைக்கறேன், என்னிக்கு வந்து பாக்கலாம், அவ்ளோதான். பாத்துட்டு வந்த அன்னிக்கே "இன்னிக்கு பேசுனது இது இது, அடுத்த மாசத்துக்குள்ள நான் செய்யறது இது"ன்னு ஒரு மெயில் போட்டு வை. கைடு நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கும் அஞ்சாறு ஸ்டூடன்ட், கிளாஸ், கமிட்டி, இதுக்கு நடுவுல உன்கிட்ட என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்காது. நாளைக்கே நான் அப்படி சொல்லலியேன்னு ஒரு பேச்சு வந்தா உன் கையில எழுத்து இருக்கணும்.

தானே புயல் அடிச்சப்ப, 2011 டிசம்பர் 30, நீ சின்ன பொண்ணு, பண்ருட்டி பக்கம் பலா முந்திரியெல்லாம் சாஞ்சு கெடந்தது உனக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. அந்த சமயம் கடலூர் மஞ்சக்குப்பத்துல வாடகைக்கு இருந்த ஒரு பையன் தீசிஸ் எழுதிட்டு இருந்தான், ஷீட்டு பிச்சுகிட்டு போயி கம்ப்யூட்டர் மேலயே மழை. அவன் கைடுகிட்ட குடுத்து திருத்தி வாங்குன சாப்டர் எல்லாம் பேப்பர்ல இருந்துச்சு, கைடு கிட்டயும் ஒரு காப்பி இருந்துச்சு, திரும்ப டைப் பண்ணிட்டான். இன்னும் கொஞ்சம் நல்லா எழுதிட்டு காட்டலாம்னு வச்சிருந்த ரெண்டு சாப்டர்தான் போயே போச்சு. பேக்கப் எடுக்கறது ஒரு பக்கம், அத தினம் எடு, ஹார்ட் டிஸ்க்லயும் டிரைவ்லயும் ரெண்டு இடத்துல வை. ஆனா நான் சொல்ல வந்தது அது மட்டும் இல்ல, அரைகுறையா இருந்தாலும் காட்டு.

அரைகுறைன்னு நீ நெனைக்கறதுக்கு காரணம் நீ படிக்கறதெல்லாம் பெரிய பெரிய ஜர்னல் பேப்பர். ஷோத்கங்கான்னு இருக்குல்ல, இந்தியா முழுக்க யுனிவர்சிட்டில குடுத்த தீசிஸ் நெறைய ஏத்தி வச்சிருக்கற வெப்சைட்டு, அதுல உங்க சப்ஜெக்ட்ல ஒரு நாலஞ்ச திறந்து பாரு. ஒரு தீசிஸுக்கு எவ்வளவு போதும்னு அப்ப தெரியும், உனக்கு கொஞ்சம் தைரியமும் வரும்.

அடுத்தது கணக்கு. யுஜிசி 2022 ரெகுலேஷன்படி பிஎச்டிக்கு கொறஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 6, அதுக்கு மேல ரீ-ரெஜிஸ்ட்ரேஷன்ல 2 வருஷம் வரைக்கும் குடுக்கலாம், பொம்பள பிள்ளைங்களுக்கு இன்னும் ஒரு 2. கேக்க நெறைய இருக்கற மாதிரி இருக்கும், ஆனா ஃபெலோஷிப்பு மொத்தமே 5 வருஷம்தான். முதல் ரெண்டு வருஷம் 37,000, அதுக்கப்புறம் எஸ்ஆர்எஃப், அதான் சீனியர் ஃபெலோஷிப்பு, 42,000, அஞ்சு முடிஞ்சா காசு நின்னுடும், தீசிஸ் முடிஞ்சாலும் சரி முடியலன்னாலும் சரி. அதனால இப்பவே மாசம் ஒரு தொகைய தனியா போடு, நடுவுல ரெண்டு மூணு மாசம் பணம் லேட்டா வர்றதும் சகஜம். எஸ்ஆர்எஃப் தானா மாறாது, கமிட்டி உக்காரணும், அதுல வெளியிலேர்ந்து ஒரு எக்ஸ்பர்ட் வரணும், அவர் தேதி கெடைக்கறதுக்குள்ள மாசம் ஓடிடும். உனக்கு ரெண்டு வருஷம் தாண்டிடுச்சே, அப்ளிகேஷன் குடுத்தியா? மாசா மாசம் பணம் வர ஃபெலோஷிப் போர்ட்டல்ல உன் பேரை கன்ஃபர்ம் பண்றாங்களான்னும் செக்ஷன்ல கேட்டு வை. அந்த சீட்டுல இருக்கற கிளார்க்குக்கு உன் பேரு தெரிஞ்சிருக்கணும், இத நான் அனுபவத்துல சொல்றேன்.

செமஸ்டருக்கு ஒரு தடவ ரிசர்ச் அட்வைசரி கமிட்டி முன்னாடி பிரசன்ட் பண்ணனும்ல, அத தள்ளிப்போட லீவு லெட்டர் எழுதாத. ரிசல்ட் வரலன்னா வரலன்னே சொல்லு, ஏன் வரலன்னு சொல்லு, மத்த ரெண்டு புரொஃபசர் உக்காந்திருக்கறதே அதுக்குத்தான். அவங்கள்ல ஒருத்தர் கிட்டயாவது நல்லா பழகி வச்சிக்கோ, நாளைக்கு கைடு கிட்ட சொல்ல முடியாதது ஏதாவது வந்தா போய் நிக்க ஒரு இடம் வேணும்.

"மூணு நாள்ல பப்ளிஷ் பண்றோம் மேடம்"னு காசு கேட்டு மெயில் வந்தா டெலிட் பண்ணிடு, அந்த மாதிரி ஜர்னல்ல வந்த பேப்பர் நாளைக்கு இன்டர்வியூல உன்ன தலை குனிய வைக்கும். காப்பி செக்கிங் சாஃப்ட்வேர் கடைசில ஒரே தடவையா போடாத, சாப்டர் சாப்டரா போட்டு பாரு, 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பிரச்சன இல்ல, அதத் தாண்டுனா திருத்தி குடுன்னு திருப்பி அனுப்பிடுவாங்க, அந்த நேரத்துல அது பெரிய தலைவலி.

தூங்கறியா நீ? ராத்திரி ரெண்டு மணிக்கு வாட்ஸ்அப்ல நீ ஆன்லைன்னு காட்டுதுன்னு உன் தம்பி சொல்றான். மனசு ரொம்ப பாரமா இருந்து எங்ககிட்ட சொல்ல முடியலன்னா 14416-க்கு அடி, டெலி மானஸ், கவர்மென்ட்டுது, காசு கெடையாது, எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயும் பேசலாம். எங்ககிட்ட சொல்ல முடிஞ்சா ட்ரெயின் ஏறி விழுப்புரம் வந்துடு, நான் வந்து கூட்டிட்டு வரேன், நாலு நாள் தேவனாம்பட்டினம் காத்து வாங்கிட்டு போ. ஆனா கைடுகிட்ட சொல்லிட்டு வா.

திருப்பாதிரிப்புலியூர்ல கல்யாணத்துல உங்க பெரியத்த "எப்ப முடிக்கறா, எப்ப மாப்ள பாக்கறீங்க"ன்னு கேட்டாங்க. அது என் பாடு, நான் பாத்துக்கறேன், நீ அதுக்கு பயந்துகிட்டு வீட்டு விசேஷத்துக்கு வராம இருக்காத.

இன்னொன்னு, கன்டின்ஜென்சி பில்லு, அதான் ஃபெலோஷிப்ல ஆராய்ச்சி செலவுக்குன்னு தர்ற பணத்துக்கான பில்லு, எல்லாத்தையும் போட்டோ புடிச்சு அனுப்பு. மார்ச்சு முடியறதுக்குள்ள குடுக்கணும், உனக்கு அத அடுக்க வராது, நான் தேதி வாரியா போட்டு ஒரு ஸ்டேட்மென்ட் டைப் பண்ணி தரேன், நீ கையெழுத்து மட்டும் போடு. மெயில் போட்டதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு.

அப்பா