ஒலி டிகோடர் கேட்டு வருகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "டிகோடரை மாட்டினா சத்தம் வரப் போகுது, அதுக்கு எதுக்குங்க பத்து நாள்?" புதுச்சேரியில் எங்கள் மாடல் ரயில் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். கல்லாவில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த மடல். டிகோடர் என்பது குட்டி ரயில் எஞ்சினுக்குள் வைக்கும் சின்னச் சர்க்யூட். கன்ட்ரோலர் சொல்வதைக் கேட்டு மோட்டாரை ஓட்டும். ஒலி டிகோடர் என்றால் எஞ்சின் சத்தமும் போடும்.

உங்கள் எஞ்சின் வந்ததும் முதல் வேலையாக மல்டிமீட்டரை எடுக்கிறோம். பிரான்சிலிருந்து பெரியப்பாவோ மாமாவோ கொண்டுவந்த பழைய ஜூஎஃப் (பிரெஞ்சு மாடல் ரயில் கம்பெனி) வண்டிகள் இந்த ஊரில் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. பழைய வண்டிகள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை அடிச்சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். சாதாரண கன்ட்ரோலரில் அது பிரச்சினையே இல்லை. டிகோடர் வேலை செய்யும் டிசிசி என்கிற டிஜிட்டல் முறையிலோ தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் நிற்கிறது. மோட்டார் டிகோடர் வழியாக மட்டுமே ஓட வேண்டும். அந்த முனையைப் பிரிக்காமல் மாட்டினால் டிகோடர் புகைந்துவிடும். எங்கள் மேசையிலேயே ஒன்று புகைந்தது. பார்த்தாச்சா என்று கேட்டதற்கு, பார்க்காமலே 'ம்' என்று சொன்னது நான்தான். புது டிகோடர் கடைச் செலவில் போனது.

அப்புறம் ஸ்பீக்கர். உண்மையில் நாள் பிடிப்பது இங்கேதான். நாங்கள் போடுவது 11க்கு 15 மில்லிமீட்டர், கற்கண்டு அளவுதான். அதை வெறுமனே கையில் பிடித்துப் பாட விட்டால் கொசு ரீங்காரம் மாதிரி இருக்கும். முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் இழுக்கும் காற்றும் ஒன்றையொன்று அழித்துவிடுவதுதான் காரணம். பின்னால் ஒரு குட்டிப் பெட்டியை ஒட்டி மூடிப் பாருங்கள், அதே ஸ்பீக்கரில் அடிக்குரல் வந்துவிடும். மூலையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் போச்சு. அதனால் பசை போட்டு, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி கேட்டுப் பார்க்கிறோம். டீசலில் உடலின் மேல்பகுதியிலோ எண்ணெய் டேங்கிலோ இடம் கிடைக்கும். நீராவி வண்டி என்றால் டெண்டர், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமக்கும் பெட்டி.

பழைய ஒலி டிகோடரைக் கையோடு கொண்டுவருகிறவர்கள் அதன் கையேட்டையும் கொண்டுவாருங்கள். பழைய தலைமுறை டிகோடர் சில 100 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் கேட்கும். இப்போது வருவதற்கு 4 அல்லது 8 ஓம். பழைய டிகோடரில் 4 அல்லது 8 ஓம் ஸ்பீக்கரைப் போட்டால் அதன் ஆம்ப்ளிஃபயர் போய்விடும்.

எந்த ஒலி என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் கொஞ்சம் பிடிவாதம். டபிள்யூடிஎம்-2 என்பது நம் ரயில்வேக்கு 1962இல் வந்து இறங்கிய டீசல் எஞ்சின், அமெரிக்க ஆல்கோ கம்பெனி வண்டி. அதன் 16 சிலிண்டர் எஞ்சின் நான்கு ஸ்ட்ரோக். இன்னொரு டீசலான டபிள்யூடிஜி-4இல் இருப்பது இஎம்டி என்கிற வேறொரு அமெரிக்கக் கம்பெனியின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இரண்டும் நிற்கும்போது உறுமுவதே வேறு. விழுப்புரம் ஜங்ஷனில் நின்று கேட்டு வளர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். ஆல்கோ வண்டியில் இஎம்டி சத்தத்தை ஏற்றச் சொன்னால் ஏற்றித் தருவோம், மனசில்லாமல். இரண்டு சிலிண்டர் நீராவி வண்டிக்குச் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் நான்கு 'சக்' வர வேண்டும். அதைச் சரிசெய்யவே அரை நாள் ஓடிவிடும்.

நம் கடல் காற்றில் தண்டவாளம் சீக்கிரம் கறுத்துவிடும். சத்தமில்லாத வண்டி அழுக்கில் ஒரு நொடி தடுமாறினால் நமக்குத் தெரியாது. ஒலி வண்டியோ சட்டென்று ஊமையாகி, மறுபடி ஸ்டார்ட் ஆகிற சத்தத்தை முதலிலிருந்து ஆரம்பிக்கும். இடம் இருந்தால் ஒரு கப்பாசிட்டர் வைத்துத் தருகிறோம், அது அந்த நொடியைத் தாங்கும். மற்றபடி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடையுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். கீறலில்தான் அழுக்கு தங்கும்.

கன்ட்ரோலர் ஒவ்வொரு வண்டியையும் ஒரு எண்ணால்தான் கூப்பிடும். புது டிகோடர் 3 என்ற எண்ணோடுதான் வரும். வீட்டில் இன்னொரு வண்டி அதே எண்ணில் இருந்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும். அதனால் உங்களுக்கு வேண்டிய எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். வண்டியை அதன் பெட்டியிலேயே வைத்துக் கொண்டுவாருங்கள். கழன்ற திருகு எதுவானாலும், எவ்வளவு பொடியாக இருந்தாலும், ஒரு காகிதத்தில் மடித்து உள்ளே போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
கடைக்காரர்