கட்டிலோரத்துக்கு ஒரு புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரணத்தைப் பேசும் நூல்களை அறிமுகப்படுத்தி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். சாவு என்ற சொல்லை வீட்டுக்குள் எடுத்தாலே வாயைப் பொத்துகிற ஊரில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. படுக்கையில் விழுந்தவர்களை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்கள் நாங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு புத்தகத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. இல்லாததற்குக் கட்டுரையாளர் காரணமல்ல. அது தமிழில் இன்னும் சரியாக எழுதப்படவே இல்லை.

சாவைப் பற்றிய எழுத்துக்குத் தமிழில் பஞ்சமில்லை. புறத்திணையில் காஞ்சி, குறளில் நிலையாமை, சித்தர் பாடல்கள் எல்லாம் நல்ல உடம்போடு நடமாடுகிறவனைப் பார்த்துப் பேசுபவை. கையறுநிலைப் பாடல்களும், தாயின் சிதைக்கு முன் பட்டினத்தார் பாடியவையும், ஒப்பாரியும் பறிகொடுத்தவர்களின் துக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. ஒருவர் கட்டிலில் கிடக்கிறார், மூன்று வாரமோ மூன்று மாதமோ. வாய் உலர்கிறது, சோறு இறங்கவில்லை, ராத்திரியில் வலிக்கிறது. பக்கத்தில் இருக்கும் மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த மகளுக்கு நம்மிடம் புத்தகம் இல்லை.

உலக நூல்கள் சில அந்தக் கட்டிலருகே வந்து உட்கார்ந்திருக்கின்றன. 1886இல் வெளிவந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' குறுநாவலில், சாகக் கிடப்பவரின் வலியைக் கொஞ்சமாவது குறைப்பவன் மருத்துவர் அல்ல, கெராசிம் என்ற வேலைக்கார இளைஞன். இவான் இலியிச்சின் கால்களைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் மற்ற எல்லோரும் 'இது வெறும் நோய்தான், சரியாகிவிடும்' என்று நடிக்கும்போது அவன் ஒருவன்தான் நடிக்கவில்லை. உடலுக்கு வாகான நிலை, பொய்யில்லாத பேச்சு என்ற இரண்டும் இன்றைக்கும் எங்கள் வேலையில் பாதி.

நம் வீடுகளில் இரண்டாவதுதான் கடினம். 'அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க' என்பது அன்பினால் வரும் பேச்சு. ஆனால் பெரும்பாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். தனக்குத் தெரியும் என்று பிள்ளைகளிடம் காட்டிக்கொள்ளாமல் அவரும் நடிப்பார். பத்திரம், கடன், பேச்சுவார்த்தை அறுந்துபோன தம்பி என்று அவர் பேச நினைத்த எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடும். போட்டு உடைக்கச் சொல்லவில்லை. 'உடம்பைப் பத்தி டாக்டர் என்ன சொன்னார்னு நினைக்கிறீங்கப்பா?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறாரோ அந்த அளவுக்கே போனால் போதும். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே 2014இல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்' நூலில் இதற்கான கேள்விகள் தெளிவாக இருக்கின்றன. நோயைப் பற்றி உங்களுக்கு என்ன புரிந்திருக்கிறது, எதற்குப் பயப்படுகிறீர்கள், எது உங்களுக்கு முக்கியம், அதற்காக எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை விடமாட்டீர்கள். ஒரே மூச்சில் கேட்டால் விசாரணை ஆகிவிடும். நாளுக்கு ஒன்றாகக் கேட்கலாம்.

உங்கள் கட்டுரையில் ஒரு திருத்தம். மனநல மருத்துவர் எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969இல் எழுதிய நூலின் ஐந்து நிலைகளான மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு ஆகியவற்றை உறவினரை இழந்தவர்கள் கடக்கும் படிகளாகச் சொல்லியிருந்தீர்கள். சிகாகோ மருத்துவமனையில் சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளிடம் பேசித்தான் அவர் அவற்றை எழுதினார். கட்டாயம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும் என்றும் சொல்லவில்லை. சில நேரம் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கலாம் என்றும் சொன்னார். இந்தத் தவறு பரவியதால், புருஷன் போய் ஆறு மாதமாகியும் 'ஏற்பு' வரவில்லையே என்று தன்னிடம் ஏதோ கோளாறு இருப்பதாக நினைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு.

இனி அந்த எழுதப்படாத புத்தகம். அதில் முதல் அத்தியாயம் சாப்பாடாக இருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. கடைசி வாரங்களில் உடம்பு உணவைப் பயன்படுத்திக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. சாப்பிடாததால் சாவு வருகிறது என்று வீட்டார் நினைக்கிறார்கள். சாவு நெருங்குவதால்தான் பசி போகிறது. வற்புறுத்தி ஊட்டினால் வாந்தி, வயிறு உப்புசம், புரையேறி நுரையீரலில் சளி. 'ஒரு பாட்டில் டிரிப்ஸாவது போடுங்க' என்பார்கள். வாந்தி, பேதியால் வறண்டவருக்கு டிரிப்ஸ் உதவும். கடைசி நாட்களில் ஏறும் நீரை இதயமும் சிறுநீரகமும் தாங்காமல் அது கால் வீக்கமாகவும் மூச்சிரைப்பாகவும் தொண்டைச் சளியாகவும் மாறும். விழித்திருக்கும்போது, அவரே கேட்டால், நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, டீஸ்பூனில் அரை அரையாகக் கொடுக்கலாம். முந்தையது விழுங்கியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்தது. இருமினாலோ, பேச்சு ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட வேண்டும்.

தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் உலர்தல். சுத்தமான மெல்லிய துணியை விரலில் சுற்றி, நீரில் நனைத்துப் பிழிந்து, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று துடைத்துவிட வேண்டும். வாயால் மூச்சு விடுகிறவருக்கு இன்னும் அடிக்கடி. பல்செட்டைக் கழற்றிவிடலாம். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் போதும்; ஆக்சிஜன் போட்டிருந்தால் மட்டும் எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம், தண்ணீரே போதும். நாக்கில் வெள்ளைத் திட்டு படிந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். செவிலியரிடம் காட்டினால் மருந்து உண்டு.

இங்கேதான் பால் ஊற்றுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசியாக ஒவ்வொருவராக வந்து வாயில் பால் விடுவது நம் மக்களுக்கு விடைகொடுக்கும் முறை. அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நினைவு தப்பியவருக்கு விழுங்கும் அனிச்சை போய்விட்டிருக்கும். உத்தரணியில் விட்ட பால் வயிற்றுக்குப் போகாது, மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இருபது பேர் ஊற்றினால் அமைதியாகப் போயிருக்க வேண்டியவர் திணறிப் போவார். மண்ணாசை, பொன்னாசை என்று மண்ணைக் கரைத்தும் காசை உரசியும் ஊற்றுவதும் இதேபோலத்தான். பஞ்சையோ துளசி இலையையோ பாலில் தோய்த்து, சொட்டாமல் உதறிவிட்டு, உதட்டில் ஒற்றினால் போதும். எத்தனை பேர் வந்தாலும் ஆபத்தில்லை. முதலில் ஒற்றுகிறவர் வீட்டில் பெரியவராக இருந்தால் பின்னால் வருகிறவர்கள் அப்படியே செய்வார்கள்.

கடைசி இரண்டு மூன்று நாட்களின் அடையாளங்களைத் தெரிந்துவைத்திருக்கும் வீட்டில் பதற்றம் பாதியாகக் குறைகிறது. தூக்கம் கூடும், பிறகு எழுப்பினாலும் எழ மாட்டார். சிறுநீர் குறைந்து கருக்கும். கை கால் குளிரும், முழங்காலில் நீலம் படர்ந்த திட்டுகள் வரும். மூச்சு ஆழமாக ஓடும், மெல்ல மேலோட்டமாகும், அரை நிமிடம்கூட நின்றுபோகும், மறுபடி தொடங்கும். அந்த இடைவெளியில்தான் 'போயிடுச்சு' என்று அலறல் எழும். தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் அது விழுங்க முடியாமல் தேங்கிய உமிழ்நீர். கேட்கிறவர்களுக்குத்தான் வேதனை, அவர் அதை உணர்வதில்லை. ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினால் அடங்கும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவது வலிக்கும். உமிழ்நீரை உலர்த்தும் ஊசி உண்டு. சத்தம் தொடங்கியவுடன் போட்டால்தான் பலன் அதிகம். திடீரென்று கை காலை உதறி, துணியைப் பிடுங்கினால் தூக்க மருந்தைத் தேடுவதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் கட்டியிருக்கும், அல்லது நாலைந்து நாள் மலம் போயிருக்காது, அல்லது வலி. காது கடைசிவரை கேட்கக்கூடும் என்பதால் சொத்துப் பேச்சை அந்த அறையில் பேச வேண்டாம்.

படுக்கைப்புண்ணுக்கு மருந்தைவிட மணிக்கணக்கு முக்கியம். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். முழுப் பக்கவாட்டில் வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்தால் போதும். குதிகாலைத் தூக்கி நிறுத்தக் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை. சிவந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, உள்சதை கிழியும். காற்றுப் படுக்கை வாங்கினாலும் புரட்டுவது நிற்கக் கூடாது.

வலி பற்றித் தனி அத்தியாயம் வேண்டும். 'மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க' என்ற பயத்தால் புற்றுநோயாளிகள் கத்திக்கொண்டே சாகிறார்கள். மார்ஃபின் பழக்கமில்லாத வயதுவந்தவருக்கு மருத்துவர் வாய்வழி மார்ஃபினை வழக்கமாக 5 மில்லிகிராமில் தொடங்குவார், மெலிந்த முதியவருக்கு 2.5, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் கெட்டிருந்தால் அளவும் இடைவெளியும் மாறும், வேறு மருந்துக்கும் மாற்றுவார்கள். வலி வந்த பிறகு கொடுப்பதுதான் வீட்டில் நடக்கும் முதல் தவறு. கடிகாரம் பார்த்துக் கொடுத்தால் வலி தலைதூக்காது. இரண்டாவது தவறு, கூடவே மலமிளக்கி கொடுக்காதது. மார்ஃபின் தொடங்கும் அன்றே அதுவும் தொடங்க வேண்டும். இல்லையென்றால் ஐந்தாம் நாள் மலச்சிக்கலின் வலி பழைய வலியை மிஞ்சும். முதல் இரண்டு மூன்று நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு தணியும். எழுப்ப முடியாத மயக்கம், மூச்சு மிகக் குறைதல், உடம்பு வெட்டிவெட்டி இழுத்தல் என்றால் உடனே மருத்துவரைக் கூப்பிட வேண்டும். திடீரென்று நிறுத்துவதும் கூடாது.

கிடைப்பதுதான் சிக்கல். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளைப் பல உரிமங்களுக்கு அலையவிட்டது. 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியில் வைத்துக்கொடுக்கலாம். தெருமுனை மருந்துக்கடையில் தேடி அலையாமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ புற்றுநோய் மையத்திலோ பாலியேட்டிவ் பிரிவை, அதாவது வேதனையைத் தணிக்கும் ஆதரவு சிகிச்சைப் பிரிவைக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வரும் ஆதரவு சிகிச்சை உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுக்கலாம். கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை வைத்தே வளர்ந்தது. அதற்கு நிகரான எண்ணிக்கை நம்மிடம் இன்னும் இல்லை.

வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018 மார்ச் 9 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழிசெய்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டதால் அது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். தன்னால் பேச முடியாதபோது யார் பேசுவது என்று பெயர் குறிப்பிட வேண்டும். குடும்ப மருத்துவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும். பீரோவில் பூட்டிவைத்துச் சாவியை மறந்துவிட்டால் ஐசியூ வாசலில் அது உதவாது.

மூச்சு நின்ற பிறகும் சில வேலைகள் உண்டு. உடல் சில மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும், முதலில் தாடைப் பக்கம். கண்ணை மூடி, தாடைக்குக் கட்டு போட்டு, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும் வழக்கம் அதற்காகவே பயன்படுகிறது. கண்தானம் என்றால் 6 மணி நேரத்துக்குள். மின்விசிறியை நிறுத்தி, தலைக்கு உயரமாகத் தலையணை வைத்து, மூடிய இமைமேல் ஈரப்பஞ்சு வைத்துவிட்டுக் கண்வங்கியை அழைக்கலாம்; கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர் கண்ணும் ஆகும். பேஸ்மேக்கர் இருந்தால் எரிப்பதற்கு முன் அகற்ற வேண்டும், நெருப்பில் வெடிக்கும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிந்தால் கட்டணமில்லை.

இவ்வளவும் நூறு பக்கத்தில் அடங்கும். பெரிய எழுத்தில், கட்டிலருகே ஒரு கையால் பிரித்துப் பார்க்கும்படி படங்களோடு அச்சிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிளை நூலகத்திலும் ஒவ்வொரு பிரதி வைக்கலாம். பதிப்பாளர் முன்வரும்வரை உங்கள் நாளிதழில் வாரம் ஒரு அரைப் பத்தி தாருங்கள், நாங்கள் எழுதித்தருகிறோம். முதல் வாரத்துக்குப் பால் ஊற்றுவதை எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வீட்டுவழி ஆதரவு சிகிச்சைச் செவிலியர்கள்,
திருச்சி.