கடன் இருந்தாலும் கையில் இருபதாயிரம் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடனுக்கு 24 வீத வட்டி கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் நாலு வீதத்துக்கு வங்கியில் காசு போட்டு வைப்பது மடத்தனம், இருப்பதை வழித்தெடுத்து முதலில் கடனை அடையுங்கள் என்று அண்மையில் உங்கள் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் கணக்கில் பிழை இல்லை. மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆட்களின் வேலை நாளையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் புத்தகத்தோடு காலம் தள்ளியவனுக்கு இந்தக் கூட்டல் கழித்தல் விளங்காமல் இல்லை. ஆனால் மழையோ வெயிலோ, மாதம் முடிந்தால் முழுச் சம்பளமும் வந்து சேருகிறவர்களை நினைத்துத்தான் அவர் எழுதியிருக்கிறார். அன்றன்றைய வேலைக்குச் செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்கிற வீட்டில் கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டும்.

ஒரு வீட்டில் கடனும் இருக்கிறது, 20,000 ரூபா சேமிப்பும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20,000-ஐக் கடனில் கட்டாமல் பாஸ் புத்தகத்திலேயே விட்டால், 24-ல் நாலு போக, நூற்றுக்கு 20 வீதம் வருடத்துக்கு 4,000 ரூபா நட்டம். தோட்டத்து ஆட்களுக்கு அது சின்னக் காசு இல்லை.

சரி, அவர் சொன்னபடியே முழுவதையும் கடனில் கட்டியாயிற்று. அடுத்த மாதம் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார். 1990-க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் கட்டிலுக்கும் காசு இல்லை. செலவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெளியே செய்யச் சொல்லும் டெஸ்ட், வெளியே வாங்கச் சொல்லும் மருந்து, கூட நிற்பவருடைய சாப்பாடு, போக வர த்ரீவீல். இவை எல்லாவற்றையும் விடப் பெரியது விழாமல் போகும் பேர். படுத்தவரும் கூட நிற்பவரும் ஆளுக்குப் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை என்றால், 2024-ல் வந்த நாட் சம்பளம் 1,350 படி பார்த்தாலே 27,000 ரூபா செக்ரோலில் ஏறவே ஏறாது.

அந்த நேரத்தில் வங்கிக்குப் போய் லோன் கேட்க முடியுமா? டவுனில் நூற்றுக்குப் பத்துக்குக் கொடுப்பவரிடம்தான் போக வேண்டும். அது மாத வட்டி. 20,000-க்கு மாதம் 2,000. கையில் காசு வைத்திருந்தால் வருடம் முழுக்க ஆகியிருக்கும் நட்டத்தை இங்கே இரண்டே மாதத்தில் கொடுத்துவிடுகிறோம். இரண்டு மாதத்தோடு அது தீர்ந்ததாகவும் நான் கண்டதில்லை. முதலைத் துண்டு துண்டாகத் தந்தால் அவர் வாங்க மாட்டார், மொத்தமாக வேண்டும் என்பார். வட்டியை மட்டும் கட்டியே வருடக்கணக்கில் இழுபட்டவர்கள் எங்கள் டிவிசனிலேயே இருக்கிறார்கள்.

சம்பளத்தையும் கொஞ்சம் பாருங்கள். 2021-ல் ஆயிரம், 2024 செப்டெம்பர் வர்த்தமானியில் 1,350 என்று பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. அந்த 1,350 படி மாதம் இருபது நாள் பேர் விழுந்தால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,160 முதலில் கழியும். அதற்குப் பிறகு தோட்டம் முன்கூட்டித் தந்த தீபாவளி அட்வான்ஸ், சங்கச் சந்தா, கோயில் காசு, தேயிலைத் தூள் என்று பிடிப்புகள். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப் பேர், அரை நாள் சம்பளம்தான். ஜனவரி, பெப்ரவரி வெயிலில் கொழுந்து குறைந்துவிட்டால் இருபது நாளே சந்தேகம். இந்தச் சம்பளத்தில் வாழ்கிறவரிடம் கையிருப்பை வழித்துக் கட்டச் சொல்வது, அடுத்த நெருக்கடிக்கு வட்டிக்காரரிடம் போகச் சொல்வதற்குச் சமம்.

அதற்காகக் கடனெல்லாம் கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கடன் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தீபாவளி அட்வான்சுக்கு வட்டி இல்லை, அது சம்பளத்தில் தன் பாட்டில் கழியட்டும், அவசரப்பட ஒன்றுமில்லை. நூற்றுக்குப் பத்துக் கடன் இருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் செல்லாது. உண்டியலை உடைத்தாவது முதலில் அதை முடிக்க வேண்டும். அடகில் இருக்கும் நகை இரண்டுக்கும் நடுவில். சீட்டு விழுந்த காசை எடுத்துக்கொண்டு நேரே டிவி கடைக்குப் போகாமல் நகையை மீட்டால் நல்லது. (போன தீபாவளிக்கு எங்கள் லயத்தில் எத்தனை புது டிவி வந்தது என்று எழுதினால் எனக்கு அடி விழும்.)

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது கிழமைக் கடன், அதாவது நுண்நிதிக் கம்பனிகள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கொடுத்து வாராவாரம் வசூலிக்கும் கடன். மலைநாட்டுப் பெண்கள் பலர் இன்று சிக்கியிருப்பது அதில்தான். 60,000 ரூபா, 52 கிழமை, 24 வீதம் என்பார்கள். வட்டி 14,400 சேர்த்து 74,400; கிழமைக்கு 1,431 ரூபா. கேட்பதற்கு வங்கி லோன் மாதிரித்தான் இருக்கும். ஆனால் ஆறு மாதம் கட்டிய பிறகு முதல் தொகையில் பாதிதான் மிச்சம், வட்டி மட்டும் இன்னும் முழு 60,000-க்கும் போய்க்கொண்டிருக்கிறது. குறைந்து வரும் மீதிக்கு வட்டி போட்டுப் பார்த்தால் 40 வீதத்தையும் தாண்டும். 2018-ல், அனுமதிப் பத்திரம் பெற்ற நுண்நிதிக் கம்பனிகளுக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு வைத்தார்கள். வசூலுக்கு வருபவரிடம் அதைக் கேட்டால் தன் போனைப் பார்ப்பார்.

இந்தக் கடனோடு கிழமைக்கு நூறு ரூபா 'சேமிப்பு' என்றும் சில இடங்களில் எடுக்கிறார்கள். கடன் முடியும்வரை அதைத் தொட முடியாது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தர மாட்டார்கள். அது அவர்கள் கையில் இருக்கும் பிணை. கையிருப்பு என்று அதைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

வசூல் நாளை ஒரு தடவை நேரில் பார்த்தால்தான் நான் சொல்வது விளங்கும். எங்கள் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் பிள்ளை மடுவத்து வராந்தாவில் நடக்கும். வசூல்காரர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருத்திக்குக் காசு குறைந்தால் குழுவில் ஒருவரும் எழும்பக்கூடாது. மலைக்குப் போக நேரமாகும், கங்காணி கீழிருந்து சத்தம் போடுவார். கடைசியில் ஆளுக்கு இருநூறு முந்நூறு முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்ப்பார்கள். கடன்காரிகள்தான், ஆனாலும் ஒவ்வொருத்தியிடமும் ஏதோ கொஞ்சம் ஒளித்து வைத்த காசு இருக்கும். அதில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "கடன் இருக்கிறவளுக்கு எதுக்கும்மா உண்டியல்னு மகன் கேக்குறான் ஐயா. உண்டியல் இல்லாட்டி அந்த வட்டிக்காரன் வாசல்ல நீயா போய் நிப்பேன்னு கேட்டேன். பேச்சே இல்ல."

லயத்துச் சீட்டையும் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டு பேர் மாதம் இரண்டாயிரம் போட்டால் முதல் சீட்டு எடுப்பவள் 24,000-ல் தன் இரண்டாயிரம் போக 22,000 கடனாளி, கடைசிச் சீட்டுக்காரி அவ்வளவும் சேர்த்து வைத்தவள். இடையில் இருப்பவர்கள் பாதிக் கடன், பாதிச் சேமிப்பு. வட்டி ஒரு சதம் இல்லை. கடனை முடித்த பிறகுதான் சேமிக்க வேண்டும் என்று இருந்திருந்தால் இங்கே ஒருத்தியும் சீட்டே பிடித்திருக்க மாட்டாள்.

கட்டுரையை வாசித்ததும் எனக்குப் பயம் வந்தது ஐம்பது வயதுப் பெண்களை நினைத்துத்தான். பெண்களுக்கு 50-லும் ஆண்களுக்கு 55-லும் சேமலாப நிதி கைக்கு வரும். வருகிற கிழமையே மகனுடைய த்ரீவீல் லீசிங், மருமகனுடைய கடைக் கடன் கொப்பி, மகள் வீட்டு அடகு என்று எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். "கடன்தானே அம்மா, அடைச்சிடுங்க" என்பார்கள். அரசாங்க உத்தியோகத்தர்களைப் போல எங்களுக்குப் பென்ஷன் கிடையாது. அந்தத் தாய் தன் பேரில் உள்ள வட்டிக் கடனை அடைக்கட்டும். மகனுடைய லீசிங்கை மகன் கட்டட்டும்.

எவ்வளவு வைத்திருப்பது என்றால், என் கணக்கில் ஒரு மாதச் சாமான் செலவும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் போதும். இன்றைக்கு இருபது முப்பதாயிரம். அதற்கு மேல் சேர்ந்தால் கட்டுரையாளர் சொன்னபடி கடனில் போடுங்கள். 2022-ல் கோதுமை மா விலை பல மடங்கு ஏறி ரொட்டி சுடவே யோசித்த நேரத்தில், சேர்த்து வைத்த காசு எவ்வளவு மதிப்பிழந்தது என்று எல்லோருக்கும் தெரியும். காசைத் தபால் கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் போடலாம். பெண்ணின் பேரில் இருக்கட்டும், ஏ.டி.எம். கார்ட் எடுக்க வேண்டாம். சம்பளத்தன்று டவுனில் எந்தக் கடையில் கூட்டம் நிற்கிறது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்தப் பகுதியில், கிழமைக் கடன் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள்: வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து வரும் மீதிக்கா? வருடத்துக்கு உண்மையில் எத்தனை வீதம்? வெட்டியெடுத்துப் பிள்ளை மடுவத்துச் சுவரில் ஒட்டுவது என் பொறுப்பு. வசூல்காரர் கிழித்தால் இன்னொரு பிரதி வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
மஸ்கெலியா