வெறும் கண்ணாடியையும் லேபுக்குள் கொண்டுவாருங்கள்: பாலிடெக்னிக் எலெக்ட்ரானிக்ஸ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தராசு, பேனல் மீட்டர், டெம்பரேச்சர் கன்ட்ரோலர் இவற்றைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. டிப்ளமா முடித்த பிள்ளைகள் வேலைக்கு வருகிறார்கள். சால்டரிங் சுத்தமாக இருக்கிறது, சி புரோகிராமும் வருகிறது. ஆனால் ஓட்டும் சிப் எதுவும் இல்லாத, கோடு கோடாக எண் காட்டும் ஒரு வெறும் செக்மென்ட் எல்சிடி கண்ணாடியைக் கொடுத்து, "இதில் 5 வர வை" என்றால், அநேகமாக எல்லோரும் ஒன்றையே செய்கிறார்கள். எல்லாக் கோடுகளுக்கும் பொதுவான முனையான காமனை கிரவுண்டில் போட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய செக்மென்ட் பின்களுக்கு 5 வோல்ட் கொடுக்கிறார்கள். 5 வந்துவிடுகிறது. வராமல் இருந்தால் இந்த மடலுக்கே வேலை இல்லை.

எல்இடியில் பழகிய கை அது. எல்சிடியில் ஒளி உண்டாவதே இல்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே சில மைக்ரான் கனத்தில் இருக்கும் திரவப் படிகத்தை மின்புலம் திருப்புகிறது, அவ்வளவுதான். பிளஸ் எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்கு ஒன்றுதான். ஆர்எம்எஸ் மதிப்புக்கே, அதாவது பிளஸ் மைனஸ் பார்க்காத ஒருவகைச் சராசரி வோல்டேஜுக்கே, அது அசையும். டிசியை அப்படியே நிறுத்தி வைத்தால் அயனிகள் ஒரு பக்கமாக ஒதுங்கும், மின்வேதி வினை தொடங்கும், உள்ளே பூசியிருக்கும் இண்டியம் டின் ஆக்சைடு மின்முனையே கெடும். முதல் நாள் ஒன்றும் தெரியாது. பிறகு ஒரு கோடு மங்கும், இன்னொன்று அணையாமல் நிற்கும். அதற்குள் கருவி வாடிக்கையாளர் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் பார்த்த லேப்களில் எல்சிடி என்றால் வரிக்கு 16 எழுத்தாக 2 வரி காட்டும் மாட்யூல்தான். அதன் முதுகில் இருக்கும் எச்டி44780 வகைச் சிப் இந்த வேலை முழுவதையும் தானே பார்த்துக்கொள்கிறது. மாணவர் 38, 01 என்று ஹெக்ஸ் கட்டளைகளை நெட்டுருப் போட்டு வைவாவில் ஒப்பிக்கிறார். சமையல்காரருக்குச் சீட்டு எழுதி அனுப்பிவிட்டு சமைக்கத் தெரியும் என்று சொல்வது போலத்தான் இது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. வோல்டேஜை அளந்து எல்சிடியில் எண்ணாகக் காட்டும் 40 கால் ஐசிஎல்7106 சிப் ஒன்றை 3½ டிஜிட் கண்ணாடியோடு பிரெட்போர்டில் ஏற்றுங்கள். ஆசிலேட்டர் 48 கிலோஹெர்ட்ஸ் என்றால், அதை 800ஆல் வகுத்து 21ஆம் காலில் 60 ஹெர்ட்ஸ் சதுர அலை வரும், அதுதான் பேக்பிளேன், அதாவது கண்ணாடியின் காமன். ஸ்கோப்பின் ஒரு சேனலை அங்கேயும் மறு சேனலை ஒரு செக்மென்ட்டிலும் வையுங்கள். அணைந்த கோட்டில் இரண்டு அலையும் சேர்ந்தே ஏறி இறங்கும். தெரிகிற கோட்டில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். அடுத்து மல்டிமீட்டரை டிசியில் வைத்து இரண்டு முனைகளுக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். தெரிகிற கோட்டிலும் கிட்டத்தட்ட பூஜ்யம், அணைந்ததிலும் பூஜ்யம். பிள்ளைகள் மீட்டரைத் தட்டிப் பார்ப்பார்கள். பாடம் அங்கே தொடங்கட்டும்.

அந்த ஐசியில் டெசிமல் பாயின்ட்டுக்குத் தனி அவுட்புட் கிடையாது. கண்ணாடியில் புள்ளிக்கான பின்னை 37ஆம் காலான டெஸ்ட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டால் புள்ளி வரும், ஆனால் டிசியோடு வரும். சிடி4070இன் எக்ஸார் கேட் ஒன்றை வைத்து பேக்பிளேன் அலையைத் தலைகீழாக்கித்தான் புள்ளியை ஓட்ட வேண்டும். டெஸ்ட் காலை வி பிளஸ்ஸோடு சேர்த்தால் 1888 என்று எல்லாக் கோடும் வரும். அப்போதும் கண்ணாடியில் நிற்பது டிசிதான். அதிக நேரம் விட்டால் கெடும் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. மைக்ரோகன்ட்ரோலரில் போர்ட்டை மாற்றி மாற்றி ஓட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். டீபக்கரில் பிரேக்பாயின்ட் போட்டு புரோகிராமை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், வரும்வரை கண்ணாடிக்கு டிசிதான்.

அடுத்தது நான்கு காமன் உள்ள கண்ணாடி. 3 வோல்ட், மூன்றில் ஒரு பங்கு பயஸ் (வோல்டேஜை மூன்று சமப் படிகளாகப் பிரித்து ஓட்டுவது) என்று வைத்துக்கொண்டால், தெரிகிற கோட்டுக்கு 1.73 வோல்ட், அணைந்ததற்கு 1 வோல்ட் ஆர்எம்எஸ். அணைந்ததற்குப் பூஜ்யம் இல்லை, கவனியுங்கள். ரெசிஸ்டர் மிச்சம் பிடிக்கலாம் என்று பாதி பயஸுக்கு, அதாவது இரண்டு படிக்குப் போனால், தெரிகிறதற்கும் அணைந்ததற்கும் உள்ள 1.73 என்ற விகிதம் 1.53 ஆகச் சுருங்கும். திருப்பும் வோல்டேஜ் சூட்டில் வேறு இறங்கும். வெயிலில் வைத்த கைத்தராசில் எல்லா இலக்கத்திலும் மங்கலாக 8 தெரிவது இதனால்தான். காமன் கூடக்கூட விகிதம் எப்படிக் குறையும் என்று 1974இல் ஆல்ட், பிளெஷ்கோ என்ற இரு ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பல வரிசைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் முறைகளில் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் டி.என். ருக்மாங்கதன் வேலை செய்திருக்கிறார். பக்கத்து மாநிலத்தில் நடந்தது, சொல்லிக்கொடுக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மாட்யூலை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதற்கு ஒதுக்கும் வகுப்புகளில் இரண்டை இதற்குக் கொடுங்கள், செய்முறைத் தேர்விலும் ஒரு கேள்வி வையுங்கள். தேர்வில் வராததை யாரும் தொடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கண்ணாடி வேண்டும் என்றால் என்னிடம் பெட்டி நிறையக் கிடக்கிறது, கேட்கும் கல்லூரிக்கு இலவசம். டிசியில் கெட்டுப்போனவற்றையும் கலந்தே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
கருவிப் பழுதுபார்ப்பவன்,
கோயம்புத்தூர்