ஹிஸ்டமின் தட்டில் மட்டும் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தோல் தடிப்பு, தும்மல், மூக்கொழுகல் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, ஹிஸ்டமின் அதிகமுள்ள உணவுகளின் பட்டியலையும் தந்திருந்தார் கட்டுரையாளர். குடலில் வாழும் சில பாக்டீரியாக்களே ஹிஸ்டமினைத் தயாரிக்கும் என்பதை மட்டும் விட்டுவிட்டார். 11 ஆண்டுகளாக வயிற்றுவலியோடு காலம் தள்ளும் எனக்கு அந்த விடுபடல் உறுத்தியது.

எனக்கு இருப்பது ஐ.பி.எஸ். என்கிற குடல் எரிச்சல் நோய். ஸ்கேன், எண்டோஸ்கோபி எதிலும் ஒன்றும் தெரியாது. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று ஒரு மருத்துவர் சொன்னபோது, வலியைவிட அந்தச் சொல்தான் அதிகம் வலித்தது. வீட்டில் இருப்பவர்களும் அதையே நம்பத் தொடங்கினார்கள்.

2022இல் கனடாவின் மெக்மாஸ்டர், குயின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐ.பி.எஸ். நோயாளிகளின் குடல் நுண்ணுயிரிகளை, கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். கிளெப்சியெல்லா ஏரோஜீன்ஸ் என்ற பாக்டீரியா, புரதத்தில் உள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை ஹிஸ்டமினாக மாற்றித் தள்ளுகிறது. அந்த ஹிஸ்டமின் எச்4 என்ற ஏற்பியை (செல்லின் மேல் ஹிஸ்டமின் வந்து ஒட்டும் இடம்) தூண்டி, ஒவ்வாமையில் பங்குபெறும் நோயெதிர்ப்புச் செல்களான மாஸ்ட் செல்களைப் பெருங்குடலுக்கு இழுத்து வருகிறது. நரம்புகள் கூருணர்வு பெற்றுவிடுகின்றன. சாதாரணமாக உணரவே முடியாத குடல் அசைவும் வலியாகிறது. நாம் வழக்கமாக வாங்கும் அலர்ஜி மாத்திரைகள் எச்1 ஏற்பியைத்தான் தடுக்கும். எச்4க்கான மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. எல்லா ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கும் இதுவே காரணம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனாலும் "எல்லாம் மனசு" என்று ஒருவரை அனுப்பிவைப்பது இனி நியாயமாகாது.

பட்டியலுக்கு வருகிறேன். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், குடலில் எளிதில் புளித்துவிடும் சர்க்கரை வகைகளைக் குறைத்த உணவை, அதாவது ஃபாட்மேப் குறைந்த உணவை, நோயாளிகளுக்கு மூன்று வாரம் கொடுத்தார்கள். அவர்களின் சிறுநீரில் ஹிஸ்டமின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது, வலியும் தணிந்தது. கவனியுங்கள், அங்கே குறைக்கப்பட்டது பாக்டீரியாவின் தீனி. உங்கள் பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் உணவாக ஒதுக்கிக்கொண்டே போகிறவர் உடம்பு மெலிவார். வலி அப்படியே இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. ஹிஸ்டமின் உண்டாக்கும் பாக்டீரியா எல்லாமே தீயவை அல்ல. லாக்டோபேசில்லஸ் ராய்டெரியின் ஒரு வகை சுரக்கும் ஹிஸ்டமின், எச்2 ஏற்பி வழியாக அழற்சியைத் தணிப்பதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே தானாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கி எல்லாவற்றையும் அழிக்க நினைப்பது ஆபத்து. ஃபாட்மேப் உணவுமுறையும் மாதக்கணக்கில் இழுக்கக் கூடாது. நல்ல பாக்டீரியாக்களும் பட்டினி கிடக்கும். நான் அதை ஓர் உணவியல் நிபுணரின் கண்காணிப்பில்தான் தொடங்கினேன். விலக்கிய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பதற்கும் அவர் துணை தேவைப்பட்டது.

ஒரு குடல்நோய் மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் கேட்டு, விடுபட்ட இந்தப் பகுதியை அடுத்த இதழிலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பட்டியலை இப்போதே வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி