ரேஷன் கடையில் ஒரு மூட்டை பயறும் இருக்கட்டும்

கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை அமைச்சர், செயலாளர், நுகர்பொருள் வாணிபக் கழக அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

வடசென்னையில் நாலு பேர் உள்ள வீட்டில் அடுப்படியைப் பார்த்துக்கொள்கிறவள் எழுதுகிறேன். மனுவைக் கடைசிப் பக்கம் வரைக்கும் யாரும் புரட்டமாட்டார்கள் என்று தெரியும், அதனால் கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ரேஷன் கடையில் துவரம்பருப்புக்குப் பக்கத்தில் முழுப் பயறும் ஏதாவது ஒன்று வையுங்கள். பச்சைப்பயறு, காராமணி, கொள்ளு, மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை, இவற்றில் எது அந்தச் சமயத்தில் மலிவோ அது. அட்டைக்கு மாதம் 2 கிலோ, வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும், நியாயமான விலைக்கு. இலவசமாக வேண்டாம்.

அரிசிக்குக் குறையில்லை. 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வருகிறது, எங்கள் அட்டைக்கு 20 கிலோ. ரேஷன் அரிசியைக் கிண்டல் செய்கிறவர்கள் வீட்டில்கூட இட்லிக்கு அதைத்தான் ஊறப்போடுகிறார்கள். அதில் வருகிற பதம் கடையில் விற்கும் இட்லி அரிசியில் வராது என்பது என் கட்சி. 2007-ல் ஆரம்பித்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். மளிகைக் கடையில் துவரம்பருப்பு விலை கேட்டுவிட்டு வந்த எவருக்கும் அந்த 30 ரூபாயின் அருமை தெரியும்.

ஆனால் அட்டைக்குத் தருகிற அந்த ஒரு கிலோ பருப்பை மாதம் முழுக்க ஓட்டிப் பாருங்கள். நாளைக்கு 33 கிராம். நாலு பேருக்குப் பிரித்தால் தலைக்கு எட்டு கிராம். அதை வைத்துச் சாம்பார் என்று ஒன்றை வைக்கலாம், பருப்பைத் தேடத்தான் கரண்டி போட வேண்டும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளின் ஒரு நாள் தட்டுக்குச் சொல்லும் அளவு, பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்த்து 85 கிராம். பருப்பு பயறிலேயே அதை எட்டுவதென்றால் எங்கள் வீட்டுக்கு மாதம் பத்து கிலோவுக்கு மேல் வேண்டும். நீங்கள் தருவது ஒன்று. மீதிக்கு முட்டை இருக்கிறது, காசிமேடு பக்கத்திலேயே இருப்பதால் மீன் இருக்கிறது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீன் விலையைக் கேட்டுவிட்டுக் கூடையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். புரட்டாசியில் பாதி வீடுகளில் கவிச்சியே கிடையாது. அப்போதெல்லாம் தட்டை நிரப்புவது சோறுதான். அரிசி தாராளமாக இருக்கிற வீட்டில் எது குறைந்தாலும் அந்த இடத்தில் சோறு வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அப்படியானால் துவரம்பருப்பையே இன்னொரு கிலோ கேட்டுவிட்டுப் போகலாமே என்பீர்கள். கேட்கலாம். ஆனால் துவரைக்கு இந்த நாடு மொசாம்பிக்கையும் மியான்மரையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே விளைச்சல் சுணங்கினால் இங்கே விலை ஏறுகிறது. துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு வந்த மாதங்களும் உண்டு, முகம் சுளித்தபடி அதையும் சமைத்துத்தான் சாப்பிட்டோம். பச்சைப்பயறும் உளுந்தும் இங்கேயே விளைகின்றன. டெல்டாவில் சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே விதைத்து, மண்ணில் இருக்கிற ஈரத்திலேயே விளைத்து எடுக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி மானாவாரி நிலத்தில் கொள்ளு. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறுக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கிருந்து புது ரகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் விலை ஆதரவுத் திட்டத்தின்கீழ் உளுந்தும் பயறும் கொள்முதலும் நடக்கிறது. அங்கே வாங்குகிற மூட்டையில் கொஞ்சம் இங்கே வந்து இறங்கட்டும் என்கிறேன்.

அடுப்படிப் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. துவரம்பருப்பு வெந்தால் கரைந்துபோகிறது, ஒரு குழம்போடு அதன் கதை முடிந்தது. முழுப் பயறு ஒரு தடவை வெந்தால் இரண்டு வேளைக்கு நிற்கும்.

கொள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆழாக்கு கொள்ளை ராத்திரி ஊறவைத்து, காலையில் குக்கரில் வைத்து இறக்கினால், வடித்த தண்ணீரில் மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு ரசம். அந்த ரசத்துக்குத் தக்காளி குறைவாக இருந்தாலும் ஒன்றும் ஆகாது, தண்ணீரிலேயே உடம்பு இருக்கிறது. வெந்த கொள்ளில் பாதியை வரமிளகாய், பூண்டு, துளி புளி வைத்து அரைத்தால் துவையல், தேங்காய்கூட வேண்டாம். மீதியைச் சாயங்காலம் கடுகு தாளித்து, வெங்காயம் நறுக்கிப் போட்டுப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் பஜ்ஜிக் கடைக்குப் போகிற காசு மிச்சம். கொள்ளு என்றால் கிண்டி ரேஸ் குதிரைக்குப் போடுவதுதானே என்று சிரிக்கிறவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் சளி பிடித்தால் அவர்களே வந்து ரசம் கேட்கிறார்கள்.

காராமணிக்குக் கத்தரிக்காய்தான் ஜோடி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் தெருவோரத்தில் கூறு கட்டி விற்கிற காய், கொஞ்சம் வதங்கியிருக்கும், அதனால்தான் மலிவு. பொரியலுக்கு அது எடுபடாது. காராமணி போட்ட புளிக்குழம்பில் ஒரு குறையும் தெரியாது. பரங்கிக்காய்க் கீற்று ஒன்று வாங்கினால் காராமணியோடு கூட்டு. வெறும் பரங்கிக்காய் நாலு பேருக்குப் பற்றாது, ஒரு கைப்பிடி காராமணி விழுந்தால் பற்றும், அதற்குமேல் அந்தக் கூட்டே சாப்பாடு. சுரைக்காய்க்கும் முள்ளங்கிக்கும் இதே வழிதான். முள்ளங்கி வாங்கும்போது கீரையைக் கிள்ளிப் போட்டுவிடச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். அந்தக் கீரையைப் பொடியாக அரிந்து வெந்த பச்சைப்பயறோடு வதக்கினால் அன்றைக்குப் பொரியல் முடிந்தது. பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல், வாழைக்காய்த் தோல் எல்லாம் துவையலுக்கு ஆகும். வறுத்த உளுந்துதான் அதற்குப் பழக்கம், உளுந்து விலை ஏறிய மாதத்தில் வறுத்த கொள்ளும் நன்றாகவே சேர்கிறது.

பச்சைப்பயறு ஊறவைக்க மறந்துபோன நாளுக்கு. அப்படியே குக்கரில் வைத்து, சின்ன வெங்காயம் தாளித்துக் கடைந்தால் சோற்றுக்கும் ஆகும், ரேஷன் கோதுமையை அரைத்துச் சுட்ட சப்பாத்திக்கும் ஆகும். நேரம் இருந்தால் முளைகட்டலாம், முளைக்கும்போது வைட்டமின் சி உண்டாகிறது. அடைக்கு என் அளவு ரேஷன் அரிசி இரண்டு பங்கு, பயறெல்லாம் கலந்து ஒரு பங்கு, மேலே முருங்கைக்கீரை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்கிற புரதக்கூறு பயறில் தாராளம், பயறில் குறைவானது அரிசியில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் அடை தட்ட ஆரம்பிக்கவில்லை, ருசியாக இருந்ததால் தட்டினார்கள். மிஞ்சியதை வைத்துச் சமைப்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சைதாப்பேட்டை வடகறியே விற்காமல் போன மசால்வடையில் பிறந்தது என்பார்கள்.

இனி உங்கள் தரப்பில் வரக்கூடிய ஆட்சேபங்கள். வேலைக்குப் போகிறவர்கள் பயறு ஊறவைத்து, வேகவைத்து, கேஸையும் தீர்த்துக்கொண்டு நிற்பார்களா என்பது ஒன்று. ஊறவைப்பதற்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றினால் போதும். ஊறிய பயறு ஊறாததைவிடப் பாதி நேரத்துக்குள் வெந்துவிடும். விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கொஞ்ச நேரத்தில் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை குக்கரைத் திறக்காமல் விட்டால் மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும்.

எத்தனை விசில் விட்டாலும் வேகமாட்டேன் என்கிறது என்ற புலம்பல் சென்னையில் அதிகம். அதில் பாதிக் குற்றம் போர்த் தண்ணீருடையது. அந்தக் கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் பயறில் இருக்கும் பெக்டின் என்கிற பசைப்பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடுகின்றன. மெட்ரோ வாட்டரிலோ கேன் தண்ணீரிலோ ஊறவைத்து வேகவைத்தால் அதே பயறு மசிகிறது. புளியையும் தக்காளியையும் பயறு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், முதலிலேயே விட்டால் புளிப்பு அதை வேகவிடாது. ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் வேகும் என்பது உண்மைதான், கூடவே பி1 வைட்டமினும் போய்விடும். நான் போடுவதில்லை.

மீதிப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. சூடும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடக்கிற பயறு உள்ளுக்குள் இறுகிப்போகும். அதற்குப் பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்தாலும் கல் கல்லாகவே நிற்கும். சென்னைக் கிடங்குகளில் சூட்டுக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா? இதோடு வண்டு வேறு. பயறு வண்டு வயலிலேயே காய்மேல் முட்டையிடும், பொரிந்த புழு பயறுக்குள் புகுந்து மூட்டைக்குள் வந்து, வண்டாகி ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். உடைத்த பருப்பைவிட முழுப் பயறுக்கு இந்தத் தொல்லை அதிகம் என்பதை மறைக்கவில்லை. வீட்டில் மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி டப்பாவில் போட்டுக்கொள்கிறோம். கிடங்கில் அது நடக்காது. ஆகவே பெரிய கொள்முதலாக வாங்கி அடுக்கி வைக்காமல், அறுவடையை ஒட்டி வாங்கி உடனுக்குடன் கடைக்கு அனுப்புங்கள். பழையது வந்தால் ஜனங்கள் ஒரு மாதம் வாங்குவார்கள், அடுத்த மாதம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பிறகு மக்களுக்கு இது வேண்டாமாம் என்று கோப்பில் எழுதி மூடிவிடுவீர்கள், எனக்கு அந்தப் பயம்தான் இருக்கிறது.

உங்களால் முடியாத காரியம் ஒன்றும் இல்லை. 2022 பொங்கலுக்கு 21 பொருள் கொடுத்தபோது பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு எல்லாம் ஒரே பையில் வந்தன. 2023 ஜூலையில் தக்காளி விலை தலைதெறிக்க ஏறியபோது சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றீர்கள். ஒரு நாள் தாண்டினால் அழுகுகிற தக்காளியையே விற்ற கடையில் பயறை விற்க முடியாதா? அதே வருடம் நீலகிரியிலும் தருமபுரியிலும் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தீர்கள். (அதை இங்கேயும் கொண்டுவரலாம். ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற பேட்டைகள் எங்களுடையவை.) சத்துணவில் பிள்ளைகளுக்குக் கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் கொடுக்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் சுண்டல் தின்று பழகிய பிள்ளை வீட்டிலும் அதைக் கேட்கும். இமாச்சலப் பிரதேசத்தில் ரேஷனிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட பருப்பு வகைகள் மானிய விலையில் கிடைக்கின்றன.

முதலில் வடசென்னையில் சில கடைகளில் மட்டும் போட்டுப் பாருங்கள். ஏப்ரலில் ஆரம்பித்தால் நல்லது. டெல்டாப் பயறு அப்போதுதான் அறுத்து வந்திருக்கும், இங்கே மீன் தடைக்காலமும் அப்போதுதான் தொடங்கும். வேண்டாம் என்கிறவர்கள் தலையில் கட்டச் சொல்லிக் கடைக்காரருக்கு இலக்கு வைக்காதீர்கள், அது வந்துவிட்டால் பயறின் பெயரே கெட்டுவிடும். பாக்கெட் போட்டு, படம் போட்டு அனுப்புகிற செலவும் வேண்டாம். மூட்டையைப் பிரித்து வையுங்கள். ஒரு கை அள்ளிப் பார்த்தால் ஓட்டையும் சுருக்கமும் எங்களுக்குத் தெரிந்துவிடும், நன்றாக இருந்தால் நாங்களே பை கொண்டுவந்து வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வடசென்னைக் குடும்ப அட்டைதாரர் ஒருவர்